ஞானதாசன் பேரில் ஓடிய வண்டி

மாசியில் ரப்பர் மரம் தளிர்விட்டால் குளோரிக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகக்கூட நேரம் கிட்டாது. குலசேகரத்துக்கு மேலே நான்கு ரப்பர் தோட்டங்களில் அவளுக்கு நூற்றிப் பத்துத் தேன்பெட்டிகள் இருந்தன. தளிர்க்காம்பில் தேன் ஊறும் அந்த இரண்டரை மாதம்தான் வருசத்துச் சம்பாத்தியம். வாரம் ஒரு தடவை ஒவ்வொரு பெட்டியையும் திறந்து தேன் எடுத்துவிட வேண்டும். விட்டால் அடை நிறைந்து, இடம் போதாமல் கூட்டம் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். போன கூட்டத்தைத் திரும்பக் கூப்பிட முடியாது.

அப்படிப்பட்ட மாசியில்தான் அவளுடைய மொபெட் ஏற்றத்தில் போகும்போது நடுவே முறிந்தது. வெல்டிங் பட்டறைக்காரர் இரண்டு துண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல பத்த வைக்க இரும்பு எங்க இருக்கு? முழுக்கத் துருவுல்லா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குளோரியின் புருசன் எபிசன், ஒரு சிமெண்டுக் கடையின் மினி வேனுக்கு டிரைவர். மொபெட் முறிந்த அன்றைக்குச் சாயங்காலமே சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்தான்.

"ஏட்டி, ஒரு வண்டி பாத்திருக்கேன் கேட்டியா. நூறு சிசி. டூ-ஸ்ட்ரோக். எடையே கிடையாது. உனக்க பாரத்த வச்சிட்டு மலையில சும்ம ஏறும்."

"எந்த வருசத்து வண்டி?"

"தொண்ணூத்தி எட்டு."

"அம்பிடு பழசா?"

"அந்தக் காலத்து இரும்பு இப்பம் கிட்டாது. நீ சத்தத்த கேளு."

விளம்பரத்தில் இருந்த வீடியோவை அவன் ஐந்து தடவை போட்டுக் காட்டினான். கல்யாணமான பதினெட்டு வருசத்தில் தன்னுடைய குரலைக்கூட இவன் இப்படி உன்னிப்பாகக் கேட்டதில்லை என்று குளோரிக்குத் தோன்றியது. ஆனால் புது வண்டிக்குக் கையில் பணம் இல்லை. தோட்டத்து மண்பாதையில் வேன் ஏறாது. தேன் வேலைக்கு வந்த வருசமே கியர் வண்டி ஓட்டப் பழகியிருந்தாள். "செரி, போய்ப் பாப்போம். வாங்கணும்னு இல்ல" என்றாள்.

மறுநாள் இரண்டு பஸ் மாறி அஞ்சுகிராமத்துக்குப் போனார்கள். குலசேகரம் மாவட்டத்தின் ஒரு மூலை என்றால் அஞ்சுகிராமம் எதிர் மூலை. விற்கிறவன் பெயர் குமாரதாஸ். பிளாஸ்டிக் குழாய்க் கடை வைத்திருந்தான். கடையை ஒட்டித் தார்ப்பாய்க்குக் கீழே நாலைந்து பழைய வண்டிகள் நின்றன. இந்த வண்டியை மட்டும் துடைத்து வெயிலில் நிறுத்தியிருந்தான். எபிசன் ஒரு மிதிதான் மிதித்தான். வண்டி உடனே பிடித்துக்கொண்டு, நீலப்புகை விட்டுப் படபடவென்று சிரித்தது. எபிசனின் முகத்தைப் பார்த்ததுமே குமாரதாஸ் விலையில் ஒரு ரூபாய் குறைக்கப் போவதில்லை என்று குளோரிக்கு விளங்கிவிட்டது.

அவள் எஞ்சின் பக்கம் விரலை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள்.

"இது ஏற்கனவே சூடா இருக்கே."

"இப்பம்தான் பெட்ரோல் அடிச்சிட்டு வந்தேன் அக்கா. வெறும் டேங்கோட ஒங்களுக்குத் தர மனசு வரல்ல."

"முன்ன ஆரு வச்சிருந்த வண்டி?"

"நல்ல ஆளுவ கையில இருந்த வண்டி."

"ஆருன்னுதான் கேக்கேன்."

"கொட்டாரத்துல ஞானதாசன்னு ஒருத்தரு. ஆர்சி அவரு பேருலதான் இருக்கு."

"அவருட்ட இருந்து நீங்க நேரா வாங்கினதா?"

குமாரதாஸ் காதைச் சொறிந்தான். "நேரான்னு சொல்ல முடியாது. கொஞ்சம் சுத்தி வந்தது."

அவன் கொடுத்த ஆர்சி, நகல் எடுத்து லாமினேஷன் போட்ட காகிதம். பெயரும் வண்டி நம்பரும் தெரிந்தன. சேசிஸ் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக மை அப்பியிருந்தது. ஒரிஜினல் எங்கே என்று கேட்டதற்கு, "ஏஜெண்டுட்ட இருக்கு அக்கா, ரெண்டே நாள்" என்றான்.

குளோரி காகிதத்தை வெயிலில் பிடித்து அந்தக் கறுப்புக்குள் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்தாள். முடியவில்லை. எபிசனைத் தனியே கூட்டிப்போய் வேண்டாம் என்று சொல்லத் திரும்பினாள். அதற்குள் அவன் பணத்தைக் கொடுத்து முடித்து, சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ படிச்சிட்டுல்லா இருந்தா."

வண்டி நாகர்கோவில் தாண்டுமுன் மூன்று தடவை நின்றது. முதல் தடவை டேங்கில் பெட்ரோல் இல்லை. அடித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னது அரை லிட்டர்கூட இருந்திருக்காது. இரண்டாவது தடவை பிளக்கில் கரி. மூன்றாவது தடவை எதற்கென்று எபிசனுக்கும் தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும், பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, அதுதான் அழுகிறது என்கிற மாதிரி விளக்கம் சொன்னான். நாலாவது தடவை தக்கலையில் நின்றபோது குளோரி பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். எபிசன் உருட்டியும் ஓட்டியும் இரண்டு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தான். சட்டையெல்லாம் எண்ணெய்.

"இறக்கத்துல நல்லா வருது கேட்டியா" என்றான்.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. முப்பது மிதி மிதித்தும் கிளம்பவில்லை. சூடாக இருந்தால் ஒரு மிதியில் பிடிக்கும், ஆறிவிட்டால் சவம் மாதிரி கிடக்கும். அதுதான் அந்த வண்டியின் குணம். குமாரதாசுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் போனது இவர்கள் இரண்டு பேருக்கும்தான்.

தெருவில் தள்ளி, இறக்கத்தில் ஓடவிட்டு, எப்படியோ அதைக் கிளப்பி அந்த வாரம் குளோரி வேலைக்குப் போனாள். தோட்டத்தில் எஞ்சினை அணைக்கப் பயந்து, பெட்டிகளுக்குத் தள்ளி நிறுத்தி ஓடவிட்டபடியே வேலை பார்த்தாள். வியாழக்கிழமை அது தானாகவே நின்றது. தேன் நிறைந்த கேன் பின்னால் கட்டியிருந்தது. அவள் மிதித்தாள். மிதிக்க மிதிக்க எண்ணெய்ப் புகை கிளம்பி, காற்று அதைப் பெட்டிகள் பக்கம் கொண்டுபோனது. அவள் பெட்டியில் போடுகிற தேங்காய்ச் சகிரி நார்ப் புகைக்குத் தேனீக்கள் அடங்கும். இந்தப் புகைக்கு அவை வெறிபிடித்துக் கிளம்பின. முகவலையை எடுத்து மாட்டுவதற்குள் இடது இமையில் ஒன்று, காதில் இரண்டு, கழுத்தில் எண்ண முடியாத அளவு. பதினான்கு வருசமாகத் தேனீயோடு இருக்கிறவள், ஒரு தேனீயையும் திட்டவில்லை. வண்டியைத் திட்டினாள். அப்புறம் குமாரதாசை. கேனைச் சுமந்து ரோட்டுக்கு நடந்து வரும் வழி முழுக்க எபிசனை.

ஊரில் இரண்டு சக்கர வண்டி மெக்கானிக் அனீஷ். அவன் எஞ்சினைப் பிரித்துப் பாகங்களைப் பழைய பேப்பரில் பரப்பிவைத்து, ஒரு கண் வீங்கி நின்ற குளோரியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அக்கா, இதுக்குள்ள மூணு வண்டி கெடக்கு."

"என்னது?"

"பிஸ்டன் வேற வண்டிக்குள்ளது. கார்பரேட்டர் இன்னொண்ணுக்குள்ளது. இந்த இடுக்குல சோடா டின்ன வெட்டி மடக்கி வச்சிருக்கான். இத செய்தவன் புத்திசாலிதான். ஆனா அவன் கையில கிட்டுனா நான் சும்ம விடமாட்டேன்."

"ஓடவைக்க முடியுமா முடியாதா?"

"ஓடவைக்கலாம். பேப்பர் எல்லாம் செரியா இருக்கா? இன்சூரன்ஸ் இல்ல. பழைய வண்டி, ரிஜிஸ்ட்ரேசன் புதுப்பிக்கணும். அதுக்கு ஒங்க பேருக்கு மாத்தணும். அதுக்கு ஆர்சிக்காரரு கையெழுத்து வேணும். அது இல்லாம இதுல நான் எம்பிடு வேல செய்தாலும் வீண் கேட்டேளா."

குமாரதாசுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. எபிசன் வேறொருவன் போனிலிருந்து கூப்பிட்டால் எடுத்தான். ஒரு நாள் ஏஜெண்டுக்குக் காய்ச்சல் என்றான். ஒரு நாள் ஏஜெண்டின் மாமியார் இறந்துபோனாள். அடுத்த வாரம் அதே மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்றான். அன்றைக்கு குளோரி போனைப் பிடுங்கி, "செத்தவளுக்கு எதுக்கு ஓய் ஆபரேஷன்?" என்று கேட்டாள். வைத்துவிட்டான்.

இனி ஏஜெண்டும் வேண்டாம், குமாரதாசும் வேண்டாம், அந்த ஞானதாசனையே நேரில் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள். பெயர் மாற்றும் படிவத்தை வாங்கிக்கொண்டாள். சேசிஸ் நம்பரும் வேண்டும் என்று அனீஷ் சொன்னான். அவனே வண்டியின் கழுத்துப் பக்கம் பெயிண்டைச் சுரண்டி, ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக் கொடுத்தான். நம்பர் தாளில் வெள்ளையாகத் தெளிந்து வந்தது. அந்தத் தாளை பைபிளுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு, தனியாகவே பஸ் ஏறினாள்.

கொட்டாரத்தில் ஞானதாசனைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. ரோட்டோரம் வாழைக்குலைக் கடை வைத்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் நாமம், தோளில் துண்டு. ஒரு மட்டிக்குலையைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தவர், குளோரி வண்டி நம்பரைச் சொன்னதும் குலையைக் கீழே வைத்துவிட்டார்.

"நீயுமா?" என்றார்.

"எனக்கு ஒரு கையெழுத்துதான் அண்ணாச்சி வேணும்."

"நீ நாலாவது ஆளு. எல்லாவனுக்கும் ஒரு கையெழுத்துதான் வேணும். எனக்க வண்டிய நான் ரெண்டாயிரத்து ஒம்பதுல ஆக்கர் கடையில பழைய இரும்புக்குப் போட்டாச்சு பிள்ளே. லாரிக்க அடியில போன வண்டி. சப்பாத்தி மாதிரி கெடந்தது. கிலோ கணக்குல தூக்கிக் குடுத்தேன்."

குளோரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்பம் எங்கிட்ட நிக்குதது என்னது?"

"அதுதான் நானும் பதினஞ்சு வருசமா கேக்கேன்."

அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். அதில் அந்த வண்டியின் பேரில் வந்த நோட்டீசுகள் இருந்தன. ஹெல்மெட் இல்லாமல் போனதற்கு. சிக்னலில் நிற்காததற்கு. ஒரு தடவை அந்த நம்பர் வண்டி சைக்கிளில் போன ஒருவரை இடித்துக் கையை முறித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அந்தக் கேசுக்காக ஞானதாசன் நான்கு வருசம் கோர்ட்டுக்கு நடந்திருக்கிறார்.

"வண்டிய நான் ஆக்கர் கடையில போட்டாச்சுன்னு சொன்னேன். போலீசுகாரன் நம்பல்ல. அப்பம் ரோட்டுல ஓடுதது எதுன்னு கேட்டான். எனக்கெப்படித் தெரியும்? அந்த வண்டிய கொண்டு வா, பாப்போம்னான். இல்லாத வண்டிய நான் எங்கேருந்து கொண்டு போவேன்? கடைசியில சாட்சி இல்லேன்னு கேச விட்டாங்க. இடிபட்ட மனுசன் இப்பமும் என்ன பஜாருல கண்டா மொகத்த திருப்பிட்டுப் போறாரு."

"நீங்க அப்பமே ஆர்சிய ஆபீசுல குடுத்து ரத்து செய்திருக்கலாம்லா?" கேட்ட பிறகுதான், வந்த இடத்தில் இந்தக் கேள்வி வேண்டாம் என்று குளோரிக்குத் தோன்றியது.

ஞானதாசன் அவளை முறைத்தார். "செய்திருக்கலாம். ஆர்சியும் நம்பர் பிளேட்டும் ஆக்கர்காரனுக்க தராசுத் தட்டுலயே போட்டாச்சு. எனக்குத் தெரியல்ல. நீ பேப்பரப் பாத்துத்தான் வண்டிய வாங்கினியா?"

குளோரி பைபிளிலிருந்து பென்சில் தாளை எடுத்தாள். ஞானதாசன் தம்முடைய கவரில் கிடந்த பழைய இன்சூரன்ஸ் காகிதத்தை எடுத்தார். அவர் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். இவள் தாளில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். முதல் ஏழு எழுத்து சரியாக வந்தது. எட்டாவதிலிருந்து கடைசிவரை எல்லாமே வேறு. கம்பெனியும் மாடலும் ஒன்றுதான், வண்டி வேறு. ஆக்கர் கடையிலிருந்து போன நம்பரை எவனோ எங்கிருந்தோ வந்த ஒரு வண்டியில் மாட்டியிருக்கிறான்.

"மக்களே, அந்த வண்டிய கொண்டு வா" என்றார் ஞானதாசன். குரல் சட்டென்று தணிந்திருந்தது. "மத்த மூணு பேரும் செரின்னு சொல்லிட்டுப் போனவனுவதான். திரும்பி வரல்ல. வண்டி போயிரும்னு பயந்தானுவ. நெசந்தான். போயிரும். நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா நீ கொண்டு வா."

பஸ்ஸில் திரும்பி வரும்போது குளோரிக்குத் தலை கொதித்தது. வண்டியைக் கொடுத்தால் பணமும் போனது, வண்டியும் போனது, இந்த வருசத்துத் தேனும் போனது. கொடுக்காவிட்டால், அந்த மனிதர் கவரோடு இன்னும் பத்து வருசம் அலைவார். இதில் தான் செய்த தப்பு என்ன என்று எத்தனை யோசித்தும் ஒன்றுதான் கிடைத்தது. படித்துக்கொண்டிருந்தது.

விசயத்தைக் கேட்டதும் எபிசன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். அனீஷ், ஒரு தகவலாக, நம்பரை அரைத்துவிட்டுப் புதிதாகக் கொத்திக் கொடுக்கிற ஆள் ஒருத்தன் இருப்பதாகச் சொன்னான். குளோரி பார்த்த பார்வையில் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டான். ஆனால் எஞ்சினைப் பூட்டி ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குளோரி தோட்டத்திலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தாள். முற்றத்தில் வண்டி துடைத்து நின்றது. பக்கத்தில் எபிசனும், முப்பது வயதில் ஓர் ஆளும். அவன் பெயர் பிரதீஷ், ரப்பர் வெட்டுகிறவன் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. விடியுமுன் மரத்தடிக்குப் போகவேண்டும், வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர், பஸ் கிடையாது, அதற்குத்தான் வண்டி என்று சொல்லிக்கொண்டிருந்தான். எபிசன் ஒரு மிதி மிதித்தான். பிடித்துக்கொண்டது. பிரதீசின் முகம் மலர்ந்தது.

குளோரி கேனை இறக்கி வைத்தாள்.

"தம்பி, இதுல உள்ள நம்பர் இந்த வண்டிக்குள்ளது இல்ல. எங்கேருந்து வந்த வண்டின்னு எங்களுக்குத் தெரியாது. அநேகமா களவு வண்டி. வீட்டுக்குப் போ."

பிரதீஷ் எபிசனைப் பார்த்தான். எபிசன் எஞ்சினை அணைத்தான். வந்தவன் செருப்பைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

"பணம் எப்பிடித் திரும்பக் கிட்டும்னு நெனச்சா?" என்றான் எபிசன். "நான் எனக்கா விக்கப் பாத்தேன்? ஒனக்க சீசன் போகுதேன்னுதான்."

"எனக்க பேரச் சொல்லாதீங்க. அவன் நாளைக்கு இருட்டுல இத மிதிச்சிட்டு நிப்பான். மூணு மாசத்துல கொட்டாரத்துக்குப் போய் நிப்பான். அஞ்சாவது ஆளா. அந்த மனுசன் அவனப் பாத்து, நீயுமான்னு கேப்பாரு. எனக்குப் பொறுக்க முடியல்ல. எல்லாம் போதும். இந்தச் சவத்த தூக்கி வேன்ல வையுங்க."

எபிசன் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் தேய்த்தான். சத்தம் கேட்டு மயங்கியது முழுக்கத் தான்தான் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. "நாளைக்குக் காலையில மொதலாளிட்ட வேன் கேக்கேன்" என்றான் கடைசியில்.

சனிக்கிழமை வேனில் வண்டியை ஏற்றிக் கொட்டாரத்துக்குப் போனார்கள். ஞானதாசன் கடையை மூடிவிட்டு வந்தார். வேனின் பின்பக்கம் போய் வண்டியை ஒரு நிமிசம் பார்த்தார். "இதுதானா?" என்றார். முன்சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. ஒரு பெண். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசியதால் அவருக்கு முதலில் எதுவும் புரியவில்லை. கையை உயர்த்தி, "ஒரு ஆளு பேசுங்க" என்றார். குளோரி பேசினாள். பென்சில் தாள், லாமினேஷன் நகல், ஞானதாசனின் கவர் எல்லாம் மேசைமேல் வந்தன. ஒரு ஏட்டு வெளியே போய் நம்பரைப் பார்த்துவந்து கம்ப்யூட்டரில் தேடினார். இரண்டு இடத்துக்குப் போன் செய்தார். ஒரு மணி நேரத்தில் விசயம் தெரிந்தது. கேரளா பக்கம், ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்த வண்டி. இரண்டாயிரத்து எட்டில் களவு போனதாகப் புகார் இருந்தது.

வண்டிக்குச் சொந்தக்காரரின் நம்பரும் கிடைத்தது. ஏட்டு மலையாளத்தில் பேசினார். எதிர்முனையில் அந்த ஆள் சிரிப்பது குளோரி நின்ற இடத்துக்கே கேட்டது. ஏட்டு போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்சூரன்ஸ் பணம் அப்பமே கிட்டிச்சாம். அவருக்கு அந்த வண்டி வேண்டாமாம். அந்தக் காலத்துலயே காலையில கிளம்பாதாம்."

எபிசன்கூடச் சிரித்துவிட்டான். குளோரிக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்குமே வேண்டாத ஒரு வண்டிக்காக மூன்று வாரம் தேனெடுப்பு போயிருக்கிறது.

எஸ்.ஐ. குமாரதாசைக் கூப்பிட்டார். மூன்று வாரம் போன் எடுக்காத ஆள் நாற்பது நிமிசத்தில் வந்து சேர்ந்தான். தனக்கு ஒன்றும் தெரியாது, வள்ளியூர் சந்தையில் ஒருத்தனிடம் வாங்கியது என்றான். அந்த ஒருத்தனின் பெயர், விலாசம் எதுவும் அவனிடம் இல்லை. எஸ்.ஐ. அவனை உள்ளே உட்காரவைத்து எழுதி வாங்கச் சொன்னார். எழுதி முடிந்ததும், யாரும் கேட்காமலே குமாரதாஸ் எபிசனிடம் வாங்கிய பணத்தைக் கடைப் பணப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். "அக்கா, எனக்கு மனசறிஞ்சு ஒண்ணும் தெரியாது" என்றான் மறுபடியும்.

"ஏஜெண்டுக்க மாமியாருக்குக் கண்ணு எப்பிடி இருக்கு?" என்று குளோரி கேட்டாள். அவன் காதைச் சொறிந்தான்.

வண்டியை ஸ்டேஷன் மதிலோரம், புல் முளைத்துப்போன லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மத்தியானம் தாண்டியிருந்தது. கிளம்பலாம் என்று நினைத்தபோது ஞானதாசன் எழுந்திருக்கவில்லை. இந்த நம்பரில் ஓடிய வண்டி தன்னுடையது அல்ல, அதை ஸ்டேஷனில் பிடித்துவைத்தாகிவிட்டது என்று தனக்குக் கையில் ஒரு காகிதம் வேண்டும் என்றார். ஏட்டு டைப் செய்து, எஸ்.ஐ. கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார்கள். ஞானதாசன் கண்ணாடியை மாட்டி நின்றபடியே வாசித்தார். இரண்டாவது வரியில் நிறுத்தினார்.

"ஞானதாஸ்னு போட்டிருக்கு. நான் ஞானதாசன்."

ஏட்டு பேனாவால் கடைசி எழுத்தைத் திருத்தினார்.

"பேனா வேண்டாம். நாளைக்கு எவனாவது நானே எழுதினதுன்னு சொல்லுவான். புதுசா அடிச்சுத் தாங்க."

பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது. அதை எடுக்கத் தெரிந்த ஆள் சாப்பிடப் போயிருந்தார். எபிசன் தலையில் கையை வைத்தான். "அண்ணாச்சி, பேனாவால எழுதினா என்ன கொறஞ்சா போச்சு? வேன் நாலு மணிக்குக் கடையில நிக்கணும்" என்றான்.

குளோரிக்கும் பசி. மேல்தோட்டத்தில் பத்து நாளாகத் திறக்காத பெட்டிகள் அவள் நெஞ்சில் நின்றன. இந்த மனுசனுக்கு எல்லாம் சரியாகத்தான் வேண்டும், அன்றைக்கு ஆக்கர் கடையில் மட்டும் சரியாக இருக்கவில்லை என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவர் பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தப்பான காகிதத்தை நாலாக மடிக்காமல், கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாள்.

"நீங்க வேன கொண்டு போங்க" என்று எபிசனிடம் சொன்னாள். "நான் பஸ்ல வாறேன்."

சாப்பிடப் போனவர் மூன்றரை மணிக்கு வந்தார். சிக்கிய காகிதத்தை எடுத்தார். ஞானதாசன் இந்தத் தடவை உட்கார்ந்து, எழுத்தெழுத்தாக இரண்டு தடவை வாசித்தார். பிறகு குளோரியிடம் நீட்டி, "நீயும் ஒருக்கா வாசி" என்றார். அவள் வாசித்தாள். சரியாக இருந்தது. நேரே அந்தச் சைக்கிள்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, காகிதத்தைக் கவரில் போட்டுக்கொண்டு, ரோட்டைக் கடந்து வேகமாக நடந்தார். அவளுக்கு நன்றி சொல்ல அவருக்கு நினைவில்லை. அவளுக்கும் அது வேண்டியிருக்கவில்லை. நாகர்கோவில் பஸ் வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எபிசன் கேனையும் மெழுகுக் கத்தியையும் தூக்கிக்கொண்டு அவளோடு மேல்தோட்டத்துக்கு நடந்தான். லீவு போட்டிருந்தான். ஏறும் வழியில் ஒன்றிரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்து, மூச்சு வாங்கியதில் விட்டுவிட்டான். முதல் பெட்டியைத் திறந்தாள். அடை இருந்தது, தேன் இருந்தது, கூட்டம் இல்லை. இரண்டாவதும் அப்படியே. ஒன்பது பெட்டி காலி. குளோரி அழவில்லை, ஒவ்வொரு மூடியையும் கவிழ்த்து வைத்துக்கொண்டே போனாள். எபிசன் பின்னாலேயே வந்தான்.

பத்தாவது பெட்டியின் மூடியைக் கொஞ்சம் தூக்கியதும் உள்ளிருந்து இரைச்சல் வந்தது. நிறைந்து கனத்து இருந்தது.

"புகை போடுங்க" என்றாள். "மெதுவா. முகவலையப் போட்டுக்கிடுங்க."

அவன் தேங்காய்ச் சகிரியைப் பற்றவைத்து, குனிந்து, மெதுவாக ஊதினான்.